ஜாக்சன் ஹைட்ஸில் ஒரு வீடு விலைக்கு வருகிறது: வாங்குபவர் கையில் கிடைப்பது என்ன?

நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில், ஜாக்சன் ஹைட்ஸின் 37-ஆம் அவென்யூவில் நடந்து போனால், வீட்டுத் தரகர் கடைகளின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் விற்பனை அறிவிப்புகள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். போன வசந்தத்தில் வீடு தேடிக்கொண்டிருந்த ஒரு நண்பருடனும் அவர் மனைவியுடனும் நானும் போயிருந்தேன். அவர்களுக்குப் பிடித்த அறிவிப்பில் இருந்தது இவ்வளவுதான்: வரலாற்றுப் பகுதி, இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கட்டடம், ஒரு படுக்கையறை, உள்தோட்டம், கோ-ஆப். விலைக்குக் கீழே ‘மெயின்டெனன்ஸ்’ என்று ஒரு மாதத் தொகை. அதற்கும் கீழே சிறிய எழுத்தில், ‘போர்டின் ஒப்புதலுக்கு உட்பட்டது’.

நண்பர் சென்னையில் அடுக்குமாடி வீடு ஒன்றை வாங்கியும் விற்றும் பழகியவர். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பிரிக்கப்படாத நிலப்பங்கு எல்லாம் அவருக்கு அத்துப்படி. வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, “நிலத்தில் நம் பங்கு எத்தனை சதுர அடி?” தரகராக வந்த அம்மையார் நிதானமாகப் பதில் சொன்னார்: “நிலம் ஏதும் வராது. இந்தச் சுவரும் உங்கள் பெயருக்கு வராது.”

நண்பரின் முகம் மாறிவிட்டது. அந்தப் பதிலின் பொருள் அவருக்குப் புரிய எனக்கு ஒரு வாரம் பேச வேண்டியிருந்தது. அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கோ-ஆப் எனப்படும் கூட்டுறவுக் குடியிருப்பில், நிலமும் கட்டடமும் ஒரு நிறுவனத்தின் பெயரில் இருக்கின்றன. அந்த ஒரே கட்டடத்தை வைத்துக்கொள்வதற்காகவே பதிவு செய்யப்பட்ட நிறுவனம் அது. ஒவ்வொரு வீட்டுக்கும் இத்தனை பங்கு என்று ஒதுக்கியிருப்பார்கள். தோட்டத்தைப் பார்த்த பெரிய வீட்டுக்குக் கூடுதல் பங்கு, தரைத்தளத்துச் சிறிய வீட்டுக்குக் குறைவு. வீடு வாங்குகிறவர் அந்தப் பங்குகளை வாங்குகிறார். பங்குதாரர் என்ற முறையில், குறிப்பிட்ட ஒரு வீட்டில் குடியிருக்கும் உரிமையைத் தரும் நீண்டகாலக் குத்தகை ஒன்றும் அவருக்குக் கிடைக்கிறது. ஆக, கையில் வருபவை இரண்டு தாள்கள்: ஒரு பங்குச் சான்றிதழ், ஒரு குத்தகை ஒப்பந்தம். சட்டத்தின் பார்வையில் இது அசையாச் சொத்தே ஆகாது, அசையும் சொத்து. வங்கி கடன் கொடுத்தால், அடமானமாக எடுத்துக்கொள்வதும் இந்த இரண்டு தாள்களைத்தான். நிலத்தை அடமானம் வைக்காததால், மற்ற வீடுகளுக்குக் கட்ட வேண்டிய அடமானப் பதிவு வரி இதற்கு இல்லை.

மும்பையில் வாழ்ந்த தமிழர்களுக்கு இது அவ்வளவு புதிதாகத் தோன்றாது. மாதுங்காவிலும் செம்பூரிலும் ‘சொசைட்டி’ என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும். சொசைட்டி தந்த பங்குச் சான்றிதழைப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பார்கள். சென்னைக்காரருக்குத்தான் தரையில் தன் பெயருக்கு ஒரு துண்டு இல்லையே என்று மனம் அடித்துக்கொள்கிறது.

ஏன் இப்படி ஒரு சுற்றுவழி? காரணம் எளிது. ஒரு கட்டடத்தின் நான்காம் மாடியில் உள்ள ஒரு வீட்டை மட்டும் தனிச் சொத்தாகப் பிரித்து விற்க, நியூயார்க்கில் 1964-இல்தான் முறையான சட்டம் வந்தது. அடுக்குமாடிகளோ அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே எழத் தொடங்கிவிட்டன. 1880-களின் தொடக்கத்தில் பிலிப் ஹியூபர்ட் என்ற கட்டடக் கலைஞர், வசதியான சில குடும்பங்களைச் சேர்த்து ‘ஹோம் கிளப்’ என்ற பெயரில் மேற்கு 57-ஆம் தெருவில் ரெம்பிராண்ட் என்ற கட்டடத்தை எழுப்பினார். மாடியைத் துண்டு போட்டு விற்கச் சட்டம் இல்லை; நிறுவனத்தைப் பங்கு போட்டு விற்கச் சட்டம் இருந்தது. அந்த வழியில் போனார்கள். பின்னாளில் எழுத்தாளர்களாலும் பாடகர்களாலும் புகழ்பெற்ற செல்சி ஹோட்டலும் 1884-இல் இப்படிப்பட்ட கூட்டு வீடாகத்தான் பிறந்தது.

இதே வடிவத்தை ஏழைத் தொழிலாளரும் கையில் எடுத்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. புரூக்ளினின் சன்செட் பார்க்கில் குடியேறிய ஃபின்லாந்துத் தொழிலாளர்கள் 1916-இல் தங்கள் சேமிப்பைத் திரட்டி ஒரு கட்டடம் கட்டினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘அல்கு’. அவர்கள் மொழியில் ‘தொடக்கம்’ என்று பொருள். 1927-இல் ஆடைத் தொழிலாளர் சங்கம் பிராங்க்ஸில் அமால்கமேட்டட் குடியிருப்பைத் திறந்தது. இவற்றில் நோக்கம் லாபம் இல்லை. விற்கும்போதும் அதிக விலை கேட்க முடியாதபடி விதி இருந்தது. இன்றும் நியூயார்க்கில் வருமான வரம்பு வைத்து விற்கப்படும் கோ-ஆப் வீடுகள் உண்டு. அறிவிப்பில் விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால், முதலில் பார்க்க வேண்டியது இந்த வரம்பைத்தான்.

ஜாக்சன் ஹைட்ஸின் கதை இந்த இரண்டுக்கும் நடுவே வருகிறது. 1909-இல் ஈஸ்ட் ஆற்றின் மேல் குவீன்ஸ்பரோ பாலம் திறந்தது. எட்வர்ட் மெக்டூகல் என்பவரின் குவீன்ஸ்பரோ கார்ப்பரேஷன், பாலத்துக்கு அப்பால் இருந்த பண்ணை நிலத்தில் 325 ஏக்கரை வளைத்துப் போட்டது. 1917-இல் மேம்பால ரயில் வந்து சேர்ந்தது. மன்ஹாட்டனுக்குப் போய்வருவது எளிதாயிற்று. இங்கிலாந்தில் பேசப்பட்ட தோட்ட நகரக் கருத்து மெக்டூகலைப் பிடித்துக்கொண்டிருந்தது. மனையின் ஒவ்வொரு அங்குலத்திலும் கல்லை அடுக்காமல், நான்கு தெருக்களுக்கு நடுவே அடங்கிய ஒரு முழுத் தெருவட்டத்தின் நான்கு ஓரங்களிலும் கட்டடங்களை நிறுத்தி, நடுவை முழுக்கத் தோட்டமாக விட்டார்கள். ஆண்ட்ரூ தாமஸ் வரைந்த லிண்டன் கோர்ட், அதைத் தொடர்ந்து 1920-களில் எழுந்த ஷாட்டோ, டவர்ஸ் ஆகியவை இந்த அமைப்பின் சிறந்த எடுத்துக்காட்டுகள். வாடகைக்கு விடுவதோடு நிறுத்தாமல், 1919-20 வாக்கில் கூட்டுறவு முறையில் இவற்றை விற்கவும் தொடங்கினார்கள்.

1922 ஆகஸ்ட் 28-ஆம் தேதி, நியூயார்க்கின் டபிள்யூ.இ.ஏ.எஃப். வானொலி நிலையத்தில் இந்த நிறுவனத்தின் சார்பில் ஒரு சொற்பொழிவு ஒலித்தது. நாவலாசிரியர் நதேனியல் ஹாதார்னின் பெருமையில் தொடங்கி, அவர் பெயர் தாங்கிய ஹாதார்ன் கோர்ட் குடியிருப்புக்கு வந்து, நெரிசலான நகரத்தை விட்டுப் பசுமைக்கு வாருங்கள் என்று அழைத்தது. கட்டணம் வாங்கிக்கொண்டு வானொலியில் ஒலிபரப்பிய முதல் விளம்பரம் என்று அதைத்தான் குறிப்பிடுகிறார்கள். உலகத்தின் முதல் வானொலி விளம்பரம் விற்றது சோப்பையோ பற்பசையையோ அல்ல என்பது எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. அது விற்றது இதே தெருக்களில், நாங்கள் அன்று ஏறி இறங்கியதைப் போன்ற ஒரு வீட்டை.

அந்த அழைப்பு எல்லோருக்குமானது அல்ல என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். யூதர்களுக்கும் கறுப்பர்களுக்கும் இங்கே வீடு கிடையாது என்பது அந்த நிறுவனத்தின் வெளிப்படையான கொள்கை. ‘தேர்ந்தெடுத்த அண்டை வீட்டார்’ என்பதே விற்பனைச் சரக்கின் ஒரு பகுதி. கூட்டுறவு முறை அதற்கு மிகவும் தோதாக இருந்தது: யார் பங்கு வாங்கலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் நிறுவனத்திடமே இருந்ததால், தெருவையே வேலி போட்டு அடைத்துவிடலாம். 1948-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இனம் பார்க்கும் ஒப்பந்தங்களை நீதிமன்றத்தின் மூலம் நிறைவேற்ற முடியாது என்றது. 1968-இல் நாடு தழுவிய நியாய வீட்டுவசதிச் சட்டம் வந்தது. இடையில் 1930-களின் பெருமந்தத்தில் பல கோ-ஆப் நிறுவனங்கள் நொடித்து வாடகை வீடுகளாயின. அவற்றில் பல பிற்காலத்தில்தான் மீண்டும் கோ-ஆப்களாக மாறின. 1965-இன் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு தெற்காசியரும் லத்தீன் அமெரிக்கரும் வந்தார்கள். இன்று 74-ஆம் தெருவில் புடவைக் கடையும் நகைக் கடையும் கறிவேப்பிலைக் கட்டும் வரிசையாக நிற்கின்றன. அங்கிருந்து 7-ஆம் எண் ரயிலில் ஏறினால் கடைசி நிறுத்தம் ஃபிளஷிங். 1977-இல் குடமுழுக்கு கண்ட பிள்ளையார் கோயில் அங்கே இருக்கிறது. நண்பரின் மனைவி இந்தப் பகுதியை விரும்பியதற்கு அந்த ரயில் பாதை ஒரு காரணம்.

இனி அறிவிப்பில் உள்ள தொகைக்கு வருவோம். ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான் நேர்கிறது.

கணக்குக்காக முழு எண்களை எடுத்துக்கொள்கிறேன். ஒரு நிறுவனத்தில் மொத்தம் 10,000 பங்குகள். நீங்கள் பார்க்கும் வீட்டுக்கு 200 பங்குகள். கட்டடத்தின் ஆண்டுச் செலவு 6,00,000 டாலர். சொத்துவரி, குளிர்காலக் கொதிகலனுக்கான எரிபொருள், தண்ணீர், காப்பீடு, வாசல் துடைத்துக் குப்பை எடுத்துப் பழுது பார்க்கும் கண்காணிப்பாளரின் சம்பளம் எல்லாம் அதில் அடக்கம். பங்குக்கு 60 டாலர், 200 பங்குக்கு ஆண்டுக்கு 12,000, மாதம் 1,000. இதுதான் மெயின்டெனன்ஸ். சென்னையில் சங்கத்துக்குக் கட்டும் பராமரிப்புத் தொகையோடு இதை ஒப்பிட்டு ‘அடேயப்பா’ என்று மலைப்பவர்கள், சொத்துவரியும் கணப்பும் இதற்குள்ளேயே இருக்கின்றன என்பதைப் பார்ப்பதில்லை.

இன்னொன்றும் அதற்குள் இருக்கிறது. பெரும்பாலான நிறுவனங்கள் கட்டடத்தின் மேல் ஒரு பொதுக் கடன் வாங்கியிருக்கும். அந்தக் கடன் 20,00,000 டாலர் என்றால் பங்குக்கு 200 டாலர். உங்கள் 200 பங்குகளின் தலையில் 40,000 டாலர். அறிவிப்பின் விலையில் இது தெரியாது. ஆனால் இந்தக் கடனின் வட்டியை நீங்கள் மாதாமாதம் மெயின்டெனன்ஸ் வழியே கட்டுகிறீர்கள். பக்கத்துக் கட்டடத்தில் கடனே இல்லாமல், வீட்டின் விலை 30,000 டாலர் கூடுதலாக இருந்தால், உண்மையில் மலிவானது அந்த வீடுதான். இந்தப் பொதுக் கடன்கள் பெரும்பாலும் பத்தாண்டு போன்ற தவணை முடிவில் புதுப்பிக்கப்படுபவை. வட்டி குறைவாக இருந்த காலத்தில் வாங்கிய கடன் வட்டி ஏறிய காலத்தில் புதுப்பிக்க வந்தால், அத்தனை வீடுகளுக்கும் மெயின்டெனன்ஸ் ஏறும். ஆகவே கடன் எவ்வளவு என்பதோடு, எந்த ஆண்டில் முடிகிறது என்பதையும் கேட்க வேண்டும். வாங்குபவர்கள் இந்த இரண்டாவது கேள்வியை மறந்துவிடுவதைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

விற்கும்போது ‘ஃபிளிப் டாக்ஸ்’ என்ற ஒன்றும் வரலாம். பெயரில் வரி இருந்தாலும் அரசுக்குப் போவதில்லை. பங்கு கைமாறும்போது நிறுவனத்தின் பொது நிதிக்குக் கொடுக்கும் தொகை. சில கட்டடங்களில் விற்பவர் கட்டுகிறார், சிலவற்றில் வாங்குபவர்.

அடுத்தது போர்டு. பங்குதாரர்களே தங்களுக்குள் ஐந்து, ஏழு பேரைத் தேர்ந்தெடுத்து நிர்வாகக் குழு அமைக்கிறார்கள். சம்பளம் கிடையாது. வாங்க விரும்புபவர் வரி விவரங்கள், வங்கிக் கணக்குகள், வேலைச் சான்று, பரிந்துரைக் கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரு தடித்த கட்டாகக் கொடுக்க வேண்டும். பிறகு நேர்காணல். நண்பர் கொடுத்த கட்டு நூறு பக்கத்தைத் தாண்டியது. இரண்டு ஆண்டுக்கு முன் அவர் தம்பிக்கு அனுப்பிய ஒரு பெரிய தொகைக்கு விளக்கம் கேட்டு அது திரும்பி வந்தது. தம்பியின் கல்யாணச் செலவு என்று விளக்கம் எழுதிக் கொடுத்தார். “என் அப்பா கூட என்னை இப்படிக் கணக்குக் கேட்டதில்லை” என்றார்.

இவ்வளவு துருவுவதற்கு ஒரு நியாயம் உண்டு. ஒருவர் மெயின்டெனன்ஸ் கட்டத் தவறினால், மற்றவர்கள்தான் அந்தச் சுமையைத் தாங்க வேண்டும். சொத்துவரியும் பொதுக் கடனும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. எனவே பல கட்டடங்களில் 20 சதவீத முன்பணம், சில கட்டடங்களில் அதற்கும் மேல், கையிருப்பில் இத்தனை மாதச் செலவுக்குப் பணம் என்றெல்லாம் விதி வைக்கிறார்கள். அமெரிக்காவில் 2008-ஐ ஒட்டி வீட்டுக் கடன்கள் சரிந்தபோது கோ-ஆப்கள் ஓரளவு தாக்குப்பிடித்ததற்கு இந்தக் கண்டிப்பு ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

நியாயம் இல்லாத பகுதியும் உண்டு. வேண்டாம் என்று சொல்லும் போர்டு, ஏன் வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. 1959-இல் நியூயார்க்கின் மேல்முறையீட்டு உயர் நீதிமன்றம், சட்டம் தடுத்த பாகுபாடு இல்லாதவரை எந்தக் காரணத்துக்காகவும், காரணமே இல்லாமலும் மறுக்கலாம் என்ற பொருளில் தீர்ப்பளித்தது. 1990-இல் அதே நீதிமன்றம், போர்டு நல்லெண்ணத்தோடு நிறுவனத்தின் நலனுக்காக எடுக்கும் முடிவுகளில் நீதிபதிகள் மூக்கை நுழைப்பதில்லை என்ற கோட்பாட்டைக் கோ-ஆப்களுக்கும் பொருத்தியது. 2003-இல், அண்டை வீட்டாரோடு ஓயாமல் வழக்காடிய ஒரு பங்குதாரரை மற்றவர்கள் வாக்கெடுத்து வெளியேற்றியதையும் அது ஏற்றுக்கொண்டது. இனம், மதம், பிறந்த நாடு, குடும்பநிலை பார்த்து மறுப்பது சட்டப்படி குற்றம்தான். ஆனால் காரணமே சொல்லப்படாத இடத்தில் குற்றத்தை எப்படி நிரூபிப்பது? காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் கேட்கும் குரல்கள் பல ஆண்டுகளாக எழுகின்றன. அந்தக் குரல்களோடு நானும் சேர்கிறேன். வேலி போட்டுத் தொடங்கிய ஒரு தெருவில், மூடிய கதவுக்குப் பின்னால் எடுக்கும் முடிவுக்கு ஒரு வரிக் காரணமாவது வேண்டும். இந்தியாவிலும் இந்தக் கேள்வி தீரவில்லை: அகமதாபாத்தின் ஒரு பார்சி வீட்டுவசதிச் சங்கம் தன் சமூகத்தாருக்கு மட்டுமே வீடு என்று வைத்த விதியை 2005-இல் நம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது.

‘வரலாற்றுப் பகுதி’ என்ற சொல்லுக்கு அறிவிப்பில் அழகு மட்டும்தான் தெரியும். 1993-இல் நியூயார்க்கின் நினைவுச்சின்னப் பாதுகாப்பு ஆணையம் ஜாக்சன் ஹைட்ஸின் ஒரு பெரும் பகுதியை வரலாற்று வட்டாரமாக அறிவித்தது. அதன்பின், வெளியில் தெரியும் எதை மாற்றினாலும் ஆணையத்தின் அனுமதி வேண்டும். அதில் முதலிடம் ஜன்னலுக்கு. நண்பர் பார்த்த வீட்டில் குளிர்காற்று புகும் பழைய ஜன்னல்கள் ஆறு இருந்தன. ஜன்னல் சட்டகங்களில் வண்ணம் பல அடுக்காக உரிந்திருந்தது. ‘மாற்றிவிடலாம்’ என்று அவர் எளிதாகச் சொன்னார். மாற்றலாம்தான். ஆனால் கண்ணாடிப் பிரிவுகளின் எண்ணிக்கை, சட்டகத்தின் தடிமன், நிறம் எல்லாம் ஆணையம் ஏற்கும் வடிவில் இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டியவரோ கட்டடத்தின் சொந்தக்காரர், அதாவது நிறுவனம், அதாவது போர்டு. ஆக, தன் படுக்கையறை ஜன்னலுக்கு இரண்டு வாசல்களில் நிற்க வேண்டும். அதே விதிதான் எதிர்வீட்டுக்காரர் அந்தச் செங்கல் முகப்பில் தகரக் கொட்டகை போடாமலும், யாரோ ஒருவர் உள்தோட்டத்தைக் கார் நிறுத்துமிடமாக்காமலும் காக்கிறது. நூறாண்டு மரங்கள் இன்னும் நிற்பதற்கு இந்தத் தொந்தரவுதான் விலை என்றால் நான் தாராளமாகக் கொடுப்பேன்.

பழைய கட்டடம் வேறு செலவுகளையும் கொண்டு வருகிறது. ஆறு மாடிக்கு மேற்பட்டவற்றின் முகப்பைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பொறியாளர் சோதிக்க வேண்டும். விரிசல் கண்டால் சாரம் கட்டிச் சரிசெய்ய வேண்டும். 2019-இல் வந்த நகரச் சட்டம், 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான கட்டடங்கள் வெளிவிடும் கரிமத்துக்கு வரம்பு வைத்திருக்கிறது. மீறினால் டன்னுக்கு 268 டாலர் அபராதம். முதல் வரம்பு 2024-இல் தொடங்கியது. 2030-இல் அது இறுகும். அடித்தளத்தில் இருக்கும் பழைய நீராவிக் கொதிகலனை என்ன செய்யப் போகிறோம் என்பதுதான் இன்று பல போர்டுகளின் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி.

இவை எல்லாம் தெரிந்த பிறகும் நண்பர் அந்த வீட்டை விடவில்லை. அதற்குக் காரணம், முதல்நாள் தரகர் அம்மையார் கடைசியில் திறந்து காட்டிய ஓர் இரும்புக் கதவு. தெருவிலிருந்து பார்த்தால் செங்கல் சுவர்தான் தெரியும். கதவுக்கு அப்பால், தெருவட்டத்தின் நீளம் முழுக்கப் புல்வெளி, நடுவே உயர்ந்த மரங்கள், ஈரமான மண்வாசனை. ஒரு மூதாட்டி முழங்காலிட்டுப் பூச்செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் யாருடைய தோட்டம் என்று நண்பரின் மனைவி கேட்டார். “என்னுடையது” என்றார் அவர். பிறகு மேலே சுற்றிலும் இருந்த ஜன்னல்களைக் கையால் காட்டி, “இவர்கள் எல்லாருடையதும்” என்றார்.

அடுத்த வாரம் நண்பரின் வழக்கறிஞர் நிர்வாக அலுவலகத்துக்குப் போய், போர்டு கூட்டங்களின் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கி, மூன்று ஆண்டுப் பக்கங்களைப் படித்தார். நியூயார்க்கில் கோ-ஆப் வாங்கும் எவருடைய வழக்கறிஞரும் செய்ய வேண்டிய வேலை இது. வில்லங்கச் சான்று இல்லாத இடத்தில் உண்மை அந்தக் குறிப்பேட்டில்தான் இருக்கும். கூரையில் ஒழுக்கு பற்றி நான்கு முறை பேசியிருந்தார்கள், ஐந்தாம் முறை ஒப்பந்தக்காரருக்குப் பணம் ஒதுக்கியிருந்தார்கள். பொதுக் கடன் முடிய ஆறு ஆண்டு இருந்தது. இருவர் மெயின்டெனன்ஸ் பாக்கி வைத்து, பிறகு கட்டியிருந்தார்கள். கொதிகலனைப் பற்றி ஒரு பொறியாளரை அழைத்திருந்தார்கள். “தகராறு செய்கிறார்கள், ஆனால் வேலையை முடிக்கிறார்கள்” என்று வழக்கறிஞர் தொலைபேசியில் சொன்னதும் நண்பர் முன்பணம் கட்டினார்.

நேர்காணல் இருபது நிமிடம் நடந்தது. நாய் உண்டா, பியானோ உண்டா என்று கேட்டுவிட்டு, தோட்டக் குழுவில் சேர விருப்பமா என்று கேட்டார்களாம். கைமாறும் நாளில் விற்பவரின் சான்றிதழை ரத்து செய்து, நண்பர் தம்பதியின் பெயரில் புதிய தாள் எழுதினார்கள். அசல் சான்றிதழும் குத்தகையும் கடன் கொடுத்த வங்கியின் பெட்டகத்துக்குப் போயின. நண்பர் வீட்டுக்குக் கொண்டு வந்தது நகலும் இரண்டு சாவிகளும். ஒன்று நான்காம் மாடிக் கதவுக்கு, மற்றது அந்த இரும்புக் கதவுக்கு.